நகரத்துக் குதிரைக்கு நெடுந்தீவுக் கல்

இன்று பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி லைசோல் ஊற்றிக் கழுவினார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. படிப்பித்துக்கொண்டிருந்த வகுப்பை விட்டு வெளியே வந்து அந்த மணத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ அங்கே நின்றாய். இறப்பர் சப்பாத்து. முழங்கைவரை மடித்துவிட்ட நீலச் சட்டை. மிருகக்காட்சிசாலைக் கூண்டுகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னச் சிகிச்சை அறை. கழுவிக் கழுவித் தோல் வெடித்த உன் கைகள். உன்னைக் கட்டிப்பிடித்தால் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான். "வாசம் எப்பிடி? யானைக்குப் பூசினது மிச்சம்" என்பாய்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. உன் அப்பாவிடம் சொல்ல முடியாது. அது நடந்தபோது அவர் கூடவே நின்றார். மற்றவர்களிடம் சொல்வதென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உனக்கும் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் நடுவில் தொடங்கினால் நீ எப்போதும் கையை நீட்டி மறிப்பாய். "ஒழுங்காச் சொல்லு. கவிதை மாதிரி வெட்டி வெட்டிச் சொல்லாதை."

சரி. ஒழுங்காக.

பத்தாம் வகுப்புச் சுற்றுலா. வள்ளத்தில் பாதிப் பேர் சத்தி எடுத்தார்கள். குறிகட்டுவானில் இறங்கி பஸ்ஸில் ஏறிய பிறகு மிச்சப் பேர் எடுத்தார்கள். தெற்கே, அந்தப் பெரிய நகரத்தில், வெள்ளைக்காரர் காலத்து மிருகக்காட்சிசாலை. கம்பிகளில் பச்சை வர்ணத்துக்கு மேல் பச்சை வர்ணம், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் அளவுக்கு. கூண்டுகளைவிட வயதான மரங்கள். பல் விழுந்த சிங்கம் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நீர்யானை வாயைத் திறந்தது, நாங்களும் திறந்தோம். பிறகு ஒரு வளைவில் திரும்பினோம். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கம்பிக்குப் பின்னால் எங்கள் குதிரை.

மண்ணிறம், கட்டையான கால்கள், கண்ணில் விழும் முன்மயிர். காலையில் பள்ளிக்கூட மதிலோரம் மேயும் அதே குதிரை. பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: நெடுந்தீவுக் காட்டுக் குதிரை. கடைசி வாங்கில் இருக்கும் யோகன் தலையில் கையை வைத்தான். "இதைப் பாக்கவோடா நாங்கள் குடல் வெளியில வரச் சத்தி எடுத்து வந்தனாங்கள்?" ரீச்சர்கூடச் சிரித்தார்.

நீ சிரிக்கவில்லை. காவலாளியிடம் போனாய். "எங்கட ஊரில காடு எங்க இருக்கு?" என்று கேட்டாய். அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினார். நீ திரும்பி வந்து கம்பிக்கருகே குந்தி, குதிரையின் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாய்.

"எடியே, குளம்பைப் பார்."

அது முன்னுக்கு வளர்ந்து, நுனி மேலே வளைந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு குளம்பை நான் கண்டதில்லை. எங்கள் நிலம் முழுவதும் பவளம் இறுகிய முருகைக் கல். நடந்தாலே போதும், கல் குளம்பைத் தேய்த்து அளவாக வைத்திருக்கும். அங்கே நிலம் மெத்து. குளம்பு வளரும். வளர்ந்தால் குதிரை நடக்க மறுக்கும். நடக்காத குதிரை படுத்துவிடும். படுத்துவிட்டால் பெரும்பாலும் எழும்பாது. இதையெல்லாம் நான் அப்போது அறியவில்லை. நீ மிருக வைத்தியம் படித்த பிறகு எனக்குச் சொன்னவை.

படித்து முடித்தாய். அந்த மிருகக்காட்சிசாலைக்கே வேலைக்குப் போனாய். ஊரில் எல்லாருக்கும் ஆச்சரியம். கடற்றொழிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, சிங்கத்துக்கு ஊசி போடுகிறாளாம். எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. நாங்கள் பார்த்த குதிரை அதற்குள் செத்துவிட்டிருந்தது. அதன் குட்டி இருந்தது. கூண்டிலேயே பிறந்த பெட்டை. அங்கே வேலை செய்கிறவர்கள் அதைச் 'சூட்டி' என்று கூப்பிட்டார்கள். சிங்களத்தில் சின்னவள் என்று அர்த்தமாம்.

நான் யாழ்ப்பாணத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு உன்னிடம் வந்தேன். நீ என்னைப் பின்வாசலால் கூட்டிக்கொண்டு போனாய். முன்வாசலில் இருந்து பார்த்தால் மிருகங்கள்; பின்வாசலில் இருந்து பார்த்தால் வேலை. வாளிகள், பப்பாசிப்பழக் கூடைகள், குழாய்கள், சாணம். ஒரு கொக்கு தன் நிழலோடு தினமும் சண்டை பிடித்தது. நீ போகிற வழியில் அதற்குக் குறுக்கே ஒரு சாக்கைத் தொங்கவிட்டாய். "இந்தக் கூண்டுகள் எல்லாம் பாக்க வாற ஆக்களுக்காகக் கட்டினது. உள்ளுக்கு இருக்கிறதை ஆரும் யோசிக்கேல்லை. இப்ப நாங்கள் ஒண்டு ஒண்டா யோசிக்கிறம்" என்றாய்.

அன்று சூட்டிக்குக் குளம்பு வெட்டும் நாள். அவள் காலைத் தொட விடமாட்டாள். அதனால் ஊசி. மயங்கிச் சாய்ந்தாள். நீ குறடால் வெட்டி, அரத்தால் தேய்த்து, வேகவேகமாக முடித்தாய். பிறகு அவள் எழும்பவில்லை. மற்றவர்கள் கலைந்து போய்விட்டார்கள். நீ மண்ணில் குந்தி அவளுடைய கழுத்தடியில் கையை வைத்துக்கொண்டிருந்தாய். அவள் தள்ளாடி எழும்பியபோது உன் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான். ஒருநாள் எழும்பமாட்டாள்."

"அப்ப ஊருக்குக் கொண்டு வருவம்" என்றேன். "விடுவம். அவளின்ர மண்."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அவள் இஞ்ச பிறந்தவள். வாளியில தண்ணி குடிச்சு வளந்தவள். கோடையில எங்கட குதிரையளே குளத்தடியில விழுந்து சாகுதுகள், நீ பாத்தனிதானே. இவளைக் கொண்டுபோய் விட்டா முதல் கிழமையே முடிஞ்சுது. உன்ர கவிதைக்கு நல்லா இருக்கும். அவளுக்கு நல்லா இராது."

அடுத்த நாள் நீ கேட்டாய்: "ஊர்க் கல்லுக் கொஞ்சம் கொண்டு வர ஏலுமோ?"

அந்தக் கற்களை நிலத்தில் பரப்பினால் நடந்து நடந்து குளம்பு தானாகத் தேயும். ஊசி குறையும். மேலிடத்தில் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டாய். உன் அப்பாவின் வளவில் இடிந்து கிடந்த பழைய மதில் உனக்கு ஞாபகம் வந்திருந்தது.

அந்தப் பயணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அப்பாவும் நானும் சாக்குச் சாக்காகக் கல். இறங்குதுறையில் கடற்படைப் பெடியன் சாக்கை அவிழ்த்துப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் பார்த்தான். இருவரும் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பஸ்ஸில் கொண்டக்டர் சாக்கைக் காலால் தட்டினார்.

"என்ன ஐயா சாமான்?"

"கல்லு."

"அங்க கல்லில்லையாமோ?"

"குதிரைக்கு" என்றார் உன் அப்பா.

கொண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "குதிரை கேட்டதோ?"

"இல்லை. என்ர மேள் கேட்டவ."

கொண்டக்டர் சாக்குக்கு ரிக்கற் போடவில்லை.

நீ அன்று காலை வேறு மிருகத்திடம் போயிருந்தாய். பரப்பிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். உன் அப்பா கூண்டுக்குள் போகுமுன் சிலுவை போட்டுக்கொண்டார். கல்லைக் கொட்டினார். ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார். இன்னொன்றை அதன்மேல் வைத்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் கல்லோடு தானாகப் பொருந்திக்கொண்டு போனது. சீமெந்தில்லை, சாந்தில்லை. நீ திரும்பி வந்தபோது கூண்டின் நடுவே இடுப்பளவு மதில் ஒன்று நின்றது. நெடுந்தீவு மதில்.

"அப்பா, நான் நடக்கிறதுக்கெல்லோ கல்லுக் கேட்டனான். மதில் கட்டச் சொன்னனானோ?"

"கல்லை நிலத்தில போட்டு மிதிக்கிறதோ? ஆரும் பாத்தாச் சிரிப்பினம்."

"இஞ்ச ஆர் அப்பா பாக்கப் போகினம்?"

"இவ்வளவு சனமும் வருது காசு குடுத்துப் பாக்க" என்றார் அவர்.

நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். பிரித்துவிடச் சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் சூட்டி வந்துவிட்டாள். மதிலை முகர்ந்தாள். காதை முன்னுக்குச் சரித்தாள். பிறகு நாக்கை நீட்டி, மேற்கல்லை நக்கினாள். நக்கிக்கொண்டே நின்றாள். கண் பாதி மூடியிருந்தது. கூண்டில் உப்புக்கட்டி தொங்கியது. அதை அவள் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று நீ முன்பே சொல்லியிருந்தாய்.

நான் உணர்ச்சிவசப்பட்டேன். உனக்குத் தெரியும். "கண்டியோ. தாயின்ர ஊர். ஒருநாளும் காணாத ஊர். நாக்கு அறியுது."

"உப்பு" என்றாய் நீ.

"உப்பு மட்டுமோ?"

"உப்புத்தான். கடலோரத்துக் கல்லு, உப்புக் காத்துக் குடிச்சிருக்கு. விசர்க் கதை கதையாதை." சொல்லிக்கொண்டே மெதுவாகப் போய் அவளுடைய தோளோடு உன் தோளைச் சாய்த்தாய். கையைக் காலோடு கீழே இறக்கினாய். அவள் நக்கிக்கொண்டிருந்தாள். நீ காலைத் தூக்கினாய். அவள் தூக்க விட்டாள்.

யாரும் அசையவில்லை. நீ திரும்பாமல், மிக மெதுவாகச் சொன்னாய்: "அரத்தை எடுத்துத் தா."

அன்று ஊசியில்லை. அதன் பிறகு ஒருநாளும் ஊசியில்லை. கற்களில் பாதியை நிலத்தில் பரப்பினாய்; உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதிலில் பாதி அப்படியே நின்றது. நீ அவளுக்குக் குளம்பு வெட்டும் இடம் அதுவாயிற்று. நான் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன், தொலைபேசியில். நான் ஊர் என்றேன். நீ உப்பு என்றாய். ஒரு கவிதை எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "கடைசி ரெண்டு வரியும் பொய்."

கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். நான் வந்து சேருமுன் முடிந்துவிட்டது.

பெட்டி வள்ளத்தில் வந்தது. கடல் அடித்தது. உன் அப்பா உட்காரவில்லை. வள்ளம் சரிந்த ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தன் காலால் அணைத்துப் பிடித்தார், வலைக்கூடையை அணைப்பதுபோல. இதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

இப்போது செய்தி.

உன் இடத்துக்கு ஒரு புது டொக்டர் வந்திருக்கிறார். சிங்களப் பெடியன், எங்கள் வயது. உன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். உன் அப்பா அதை என்னிடம் தந்தார். ஆங்கிலத்தில் பேசினோம். கூண்டுகளைத் திருத்துகிறார்களாம். குதிரைக்குப் பெரிய இடமும் புல்தரையும் கிடைக்குமாம். கல்லும் மதிலும் அகற்றப்படும். நீங்கள் விரும்பினால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். குரலில் மரியாதை இருந்தது.

"குளம்பு?" என்று கேட்டேன்.

அவள் இப்போது யாரையும் தொட விடுவதில்லை என்றார். மதிலடியிலும் நிற்பதில்லை. ஊசிதான். போன தடவை எழும்ப வெகுநேரம் எடுத்தாள்.

"மதிலை உடைக்காதீர்கள். நாங்கள் வருகிறோம்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யோசிக்கவில்லை. உன் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வெட்டொன்றாக, கெஞ்சாமல்.

நான் கணக்குப் போட்டேன். அந்த மழை. மதிலிலிருந்த உப்பெல்லாம் கரைந்திருக்கும். புதுக் கல் வேண்டும். உன் அப்பா கடலோரத்தில் பொறுக்கினார். இரண்டு சாக்கு. இந்தத் தடவை கொண்டக்டர் வேறு ஆள். அவருக்கும் முதலிலிருந்து விளங்கப்படுத்தினோம்.

புது டொக்டர் வாசலிலேயே நின்றார். எனக்குக் கைகொடுத்து, உன் அப்பாவுக்குக் குனிந்து கும்பிட்டார். ஒளிக்காமல் சொன்னார்: ஊசியில்லாமல் அவள் காலைத் தருவாள் என்றால் அதை வைத்து மேலிடத்தில் பேசலாம். புல்தரைக்கு நடுவே மதிலும் கல்லும் நிற்கும். இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது. பின்னேரம் உடைக்க ஆட்கள் வருவார்கள்; அதுவரை நேரம் இருக்கிறது.

சூட்டி மூலையில் நின்றாள். குளம்பு மறுபடியும் முன்னுக்கு நீண்டிருந்தது. அடி வைக்கும்போது குதியில் பாரத்தை வைத்து வைத்து நடந்தாள். உன் அப்பா புதுக் கற்களை மதில்மேல் அடுக்கினார். நாங்கள் தள்ளி நின்றோம். அவள் வந்தாள். முகர்ந்தாள்.

போய்விட்டாள்.

காத்திருந்தோம். மறுபடி வந்தாள். மறுபடி போனாள். டொக்டர் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். நான் குனிந்து ஒரு கல்லைத் தொட்டேன். துப்புரவாக இருந்தது. மணமே இல்லை. நாக்கை வைத்துப் பார்த்தேன். ஓம், டொக்டருக்கு முன்னால்தான்.

"மாமா, கல்லைக் கழுவினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நல்லதண்ணிக் கிணத்தில. ரெண்டு மூண்டு தண்ணி விட்டுத் தேச்சனான்."

"ஏன் மாமா?"

"பின்னை? பாசி நாத்தத்தோட கொண்டு வாறதோ? மேள் வேலை செய்த இடம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோடையில் நல்ல தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றியிருக்கிறார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். விளங்கிவிட்டது. கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் குந்தினார். "பிழை விட்டிட்டன் பிள்ளை. திரும்பப் போய் எடுத்து வருவம்." அவர் உண்மையாகவே சொன்னார். அந்தக் கணமே பஸ் ஏறியிருப்பார். பின்னேரம்வரைதான் நேரம்.

அப்போதுதான் உன் சொல் எனக்கு முழுதாக விளங்கியது. உப்பு. ஊரில்லை, மண்ணில்லை, தாயில்லை. மாதக்கணக்காக நீ சொன்ன ஒரே சொல். அந்த நகரத்துக்கும் கடல் இருக்கிறது.

ஒரு பிளாஸ்ரிக் கானை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரிய தெருவைக் கடந்து, ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி. கடற்கரையில் ஒரு குடைக்குள் இருந்த காதலர் இருவர் குடையைச் சரித்து என்னைப் பார்த்தார்கள். சேலையோடு முழங்கால்வரை இறங்கினேன். அங்கத்தைய கடல் எங்கள் கடல் மாதிரியில்லை; ஆழமும் இரைச்சலும். அள்ளினேன். ஒரு அலை தள்ளிக் கொட்டுப்பட்டது. திரும்ப அள்ளினேன். கான் பாரத்தில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. திரும்பி ஏற ஏற ஒரு பழைய ஆசை வந்தது, இதை எப்படி எழுதலாம் என்று. அதைத் தண்டவாளத்திலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

உன் அப்பா மதிலில் ஊற்றினார். முருகைக் கல் நீரைக் குடித்தது. வெயில் குடித்தது. திரும்பவும் ஊற்றினார். மதில் காயக் காய மேலே மெல்லிய வெள்ளை பூத்தது.

சூட்டி வந்தாள். முகர்ந்தாள். காதை முன்னுக்குச் சரித்தாள்.

நக்கினாள்.

டொக்டர் சிங்களத்தில் தனக்குள் ஏதோ சொன்னார். பிறகு மெதுவாக அவளிடம் போனார். அவள் விலகினாள். இரண்டாம் தடவையும் விலகினாள். அவருடைய சப்பாத்துச் சத்தம் பிடிக்கவில்லை போலும். அவர் என்னிடம் திரும்பினார். "உங்கள் சிநேகிதி செய்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்தானே. நான் வெட்டுகிறேன். நீங்கள் தூக்குவீர்களா?"

நான் ஒருநாளும் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. குதிரைகள் நடுவே பிறந்து வளர்ந்து, குதிரைகளைப் பற்றி எழுதி, ஒரு குதிரையையும் தொட்டதில்லை. உனக்குத் தெரியும். நீ அதை ஒருநாளும் பகிடியாகக்கூடச் சொன்னதில்லை.

"பயப்படாதை பிள்ளை" என்றார் உன் அப்பா. எனக்கா சூட்டிக்கா தெரியவில்லை. இருவரையும் அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்.

செருப்பைக் கழற்றினேன். ஈரச் சேலையோடு போனேன். என்னிலும் கடல் இருந்தது. அவள் என் முந்தானையை ஒருதரம் முகர்ந்துவிட்டு மதிலுக்குத் திரும்பினாள். அவளுடைய தோளோடு என் தோளை வைத்தேன். சூடாக இருந்தது. தோலுக்குக் கீழே ஒரு நடுக்கம் ஓடி நின்றது. கையைக் காலோடு இறக்கினேன். எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. இழுக்கவில்லை.

கால் தரையை விட்டது.

இவ்வளவு பாரம் என்று நீ சொல்லவேயில்லை. குளம்பை மட்டுமல்ல, மூன்று கால்களில் நிற்கும் தன் பாரத்தில் பாதியையும் அவள் என்மேல் சாய்த்துவிட்டாள். டொக்டர் குனிந்து வெட்டத் தொடங்கினார். அரம் ஓடும் ஒவ்வொரு இழுப்பும் என் எலும்புக்குள் வந்தது. நடுவில் ஒருதரம் அவர் கேட்டார், இறக்கி வைத்துவிட்டு ஆறிச் செய்வோமா என்று.

"வேண்டாம்" என்றேன். "வெட்டுங்கள்."

மதில் நிற்கும். கல்லும் நிற்கும். புல்தரைக்கு நடுவே. டொக்டர் பேசி வென்றுவிட்டார், நேற்றுத்தான் சொன்னார். கடல்தண்ணீர் அள்ள ஆள் வைத்துவிட்டார். கல் சுமக்கத் தேவையில்லை. ஆனால் கால் தூக்க அவள் இன்னும் அவரை விடுவதில்லை. பழகும்வரை நான் வர வேண்டும் என்கிறார். வருகிறேன் என்றேன். அவர் பழகிய பிறகும் வருவேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கே, பள்ளிக்கூட மதிலோரம், காலையில் ஒரு பெட்டைக்குதிரை நொண்டிக்கொண்டு நின்றது. முன்னங்காலில் ஏதோ குத்தியிருக்கிறது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சோக்குக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன். இது காட்டில் பிறக்காத, கூண்டில் பிறக்காத குதிரை; யாருக்கும் காலைத் தந்து பழகாதது. என்னைக் கண்டதும் ஒதுங்கியது. நான் அதன் வழியில் நிற்காமல், பக்கத்தில், தோளைத் தாழ்த்தி நின்றேன்.

இன்று தரவில்லை. நாளைக்கும் போய் நிற்பேன்.